ஓடையின் பெயர்

டில்லி, துவாரகா மெட்ரோ வாசலில் அடைமழை. இருந்தது ஒரே ஒரு ஈ-ரிக்‌ஷா. இளஞ்செழியன் இந்தப் பக்கம் ஏற, அந்தப் பக்கம் ஒரு பெண் ஏற... முட்டிக்கொண்டார்கள்.

"சனியன்..." என்று முணுமுணுத்தான்.

"யாரைச் சனியன்னீங்க?"

தமிழ்! நனைந்த இமைகளுக்குக் கீழே கோபத்தை நடிக்கத் தெரியாத இரண்டு கண்கள்...

"மழையைச் சொன்னேங்க."

"அச்சா, நம்பிட்டேன்! பையா, ஜல்தி சலோ!" என்று ஓட்டுநரை விரட்டினாள்.

அன்று காலைதான் அவன் ஜப்பானின் தெற்குத் தீவுகளிலிருந்து வந்து இறங்கியிருந்தான். காட்டில் தவளைக்கும் பாம்புக்கும் காத்துக் கிடந்து, கையெல்லாம் அட்டைக்கடி. உடம்பைவிட மனசு ஓய்ந்திருந்தது. இனி காமிராவைத் தொடுவதில்லை என்று முடிவே செய்துவிட்டான்.

"இவ்ளோ பெரிய பையில என்ன, பாம்பா?"

"பாம்போட போட்டோதான். கடிக்காது."

சிரித்தாள். போனில் போன வருடம் எடுத்த படத்தைக் காட்டினான், பச்சை உடம்பில் தங்கப் பொட்டு வைத்த தவளை. அவள் சிரிப்பு நின்றது.

"நீங்க... இளஞ்செழியனா? நான் மதுமதி. இந்தப் படத்துக்குப் பத்திரிகையில குறிப்பு எழுதினது நான்தான். ஓடை பேரை... நான்தான் சேர்த்தேன். போடக் கூடாதுன்னு தெரியாதுங்க."

அரிய உயிர் வாழும் இடத்தை இந்தத் தொழிலில் யாரும் வெளியே சொல்வதில்லை. அச்சில் வந்த பெயரைப் பார்த்து, தவளைகளைப் பிடித்து விற்கிறவர்கள் அந்த ஓடைக்கே போய் அள்ளிவிட்டார்கள்.

"இந்தத் தடவை போனேன். தண்ணி ஓடுது. ஒரு தவளைச் சத்தம் இல்ல" என்றவன், கொட்டும் மழையில் இறங்கி நடந்துவிட்டான்.

அப்புறம் அவனுக்கு ஜனக்புரியில் ஓர் அலுவலக வேலை. தினமும் அதே மெட்ரோ வாசல். மதுமதி தயங்கி நிற்பாள், இவன் வீம்பாகக் கடந்துபோவான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்கள்தான்... ஒரு வாரம் அவளைக் காணவில்லை. பைத்தியக்காரன் மாதிரி வாசலிலேயே காத்து நின்றான்.

வந்தாள், காய்ச்சலில் வாடிப்போய்.

"இன்னும் கோபமா?"

"அசந்துபோச்சு, மதுமதி... கோபப்பட்டே அசந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "வேற ஓடையில ஒரு ஜோடி பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லல."

"ஐயோ, என்கிட்ட சொல்லாதீங்க!" காதைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கையை மெல்ல விலக்கி, காதோரம் அந்த ஓடையின் பெயரைச் சொன்னான். அவள் கண்கள் நிறைந்தன.

"என்னை நம்பியா...?"

"மறுபடி காட்டுக்குப் போகணும்போல இருக்கு. நான் எங்க இருக்கேன்னு நம்ம வீட்ல ஒருத்தருக்காவது தெரியணும்ல?"