ஆன் கரோ, பாய்!

"ஆன் கரோ, பாய்!" என்று அருள்முருகன் குரல் கொடுத்ததும் ஹெட்லைட் இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

அப்பாடா! காலையிலிருந்து உயிரை வாங்கிய சனியன். முசஃபா கராஜின் பின்சுவரைப் பார்த்து நின்ற அந்தப் பிக்கப், பாலைவன ரோட்டில் மூடிக்கொள்ளும் மணலைத் தள்ளுகிற வண்டி. மூக்கில் பெரிய இரும்பு ப்ளேடு. ப்ளேடை இறக்கினால் லைட் போய்விடுகிறது என்பதுதான் கம்ப்ளெயின்ட். எர்த் ஒயர் துருப்பிடித்திருப்பதைக் கண்டுபிடித்து, சுரண்டி, புது ஒயர் போட்டாகிவிட்டது. இதை முடித்துக் கொடுத்தால் இன்று ராத்திரி ஊருக்கு ஃப்ளைட். போட்டோவில் மட்டுமே பார்த்த மகள் அனன்யாவை நாளைக்குக் கையில் தூக்கலாம்.

லைட்டை நேரே பார்ப்பதற்காக, தூக்கியிருந்த ப்ளேடுக்கு அடியில் குனிந்து நுழைந்து, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நின்றிருந்தான். திறந்து வைத்த பானெட், டிரைவர் சீட்டை மறைத்தது.

"ப்ளேடு நீச்சே கரோ!" தொண்டை கம்மியது. தூசிதான், வேறென்ன.

முனகிக்கொண்டே ப்ளேடு இறங்கியது, லைட் அணையவில்லை. ஆனால் அவனுடைய சேஃப்டி ஷூவின் நுனி அடியில் மாட்டிக்கொண்டது. உள்ளே இரும்புத் தகடு இருந்ததால் விரல்கள் தப்பின. "அரே, ஊப்பர், ஊப்பர்!" என்றான். பாதிக் குரல்தான் வந்தது. ப்ளேடு மேலே போகவில்லை.

எரிச்சலோடு பானெட்டுக்குள் பார்த்தான். பேட்டரி கேபிள் கழன்று கிடந்தது. ஒயர் மாற்றும்போது அவனே கழற்றி, துணி சுற்றி வைத்தது. இன்னும் மாட்டவேயில்லை.

அப்புறம்தான் உறைத்தது. இன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா நேரத்தில் கடை திறந்திருக்கக் கூடாதென்று, கூட வேலை செய்யும் ஷம்சாத் வெளியே ஷட்டரைப் பூட்டிவிட்டு, "தும் காம் கரோ", நீ வேலையைப் பார் என்று சொல்லித் தொழுகைக்குப் போய்விட்டான். தினமும் சீட்டில் ஷம்சாத், முன்னால் இவன். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகக் கூப்பிட்டிருக்கிறது.

உள்ளே வேறு யாருமில்லை. இருக்கவே முடியாது.

கிரீஸ் நாற்றத்தை மீறி ஈர மணல் வாசனை அடித்தது. எங்கோ மணல் சன்னமாகச் சரிந்துகொண்டிருந்தது. சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது, யாரோ முன்னால் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி.

குனிந்து லேஸை அவிழ்க்க இடமில்லை. முதுகில் சுவர். தொடையில் இரும்பு. கத்தினான். காற்று வந்தது. குரல் வரவில்லை.

ஷட்டர் பூட்டு திறக்கும் சத்தம். வெயில் உள்ளே விழுந்தது. ஷம்சாத்! முருகா, வந்துட்டான்!

"அருள் பாய், தூஸ்ரா காடி ஆ கயா! தோடா ஆகே லேலோ!"

பின்னால் இன்னொரு வண்டி நுழைய வேண்டும். கொஞ்சம் முன்னால் நகர்த்தச் சொல்கிறான்.

அருள்முருகன் இரண்டு கையாலும் ப்ளேடில் அடித்தான். வாசலில் நின்ற லாரியின் ஹாரன் அதை அமுக்கியது.

சீட்டிலிருந்து பதில் போனது. தெளிவாக. அருள்முருகனின் சொந்தக் குரலில்.

"அச்சா, பாய்."

துணி சுற்றிய கேபிள் கண்முன்னே கிடக்க, எஞ்சின் ஸ்டார்ட் ஆனது.