எட்டுக்குப் பத்தடி

திரையிலிருந்த வீட்டு வரைபடத்தில் மூன்றாவது தடவையும் அந்த அறை தானாக வந்து உட்கார்ந்திருந்தது. எட்டுக்குப் பத்தடி. கதவு இல்லை, ஜன்னல் இல்லை. மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழித்தாள்.

மனையின் அளவைக் கொடுத்தால் வீட்டு வரைபடத்தைத் தானே போட்டுத் தரும் அந்தப் புரோகிராமை டுலூத் நகரத்து அலுவலகத்துக்காக எழுதியவள் அவள்தான். படுக்கையறை என்றால், தீப்பிடித்தால் ஏறிக் குதிக்க ஒரு ஜன்னல் இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் புரோகிராம் ஏற்காது. போன வருடம் முதலாளி கென்ட்ரிக் ஒரு குறுக்குவழி சொன்னான்: ஜன்னல் இல்லாத அறைக்கு ஸ்டோர் ரூம் என்று பேர் வை. வேலை போய்விடுமே என்று பயந்து அப்படியே வைத்தாள்; புரோகிராமும் ஏற்றுக்கொண்டது. அப்படிக் கட்டிய வீட்டில், எட்டுக்குப் பத்தடி ஸ்டோர் ரூமில் கட்டில் போட்டுப் படுத்த மூன்று பேர் ஜனவரியில் புகையில் செத்தார்கள். கென்ட்ரிக்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி அவளுக்குத் தன்மேலேயே இருந்தது.

இன்று நூற்று நாற்பது வீடுகளின் வரைபடம் கட்டுகிறவர்களுக்குப் போகவேண்டும். காலையிலேயே அந்தக் குறுக்குவழியைப் புரோகிராமிலிருந்து அழித்துவிட்டாள்.

"திரும்பப் போடமாட்டேன், கென்ட்ரிக். ஆளுங்க செத்திருக்காங்க."

"ஸ்டோர்ல போய் யாரு படுக்கச் சொன்னா? பெரிய நீதிபதி இவ! பழைய புரோகிராம் என்கிட்ட இருக்கு, அதுல போட்டு நானே அனுப்பிக்கறேன்."

தன் அறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினான்.

வெளியே மத்தியானப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டரின் முனகலுக்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ மூச்சுக்குத் திணறுவதுபோல. கூடவே கருகிய மெத்தையின் நாற்றம், ஈரத்தோடு, தொண்டையைப் பிடித்தது. திரையில் வரைபடம் தானாக மாறியது. இது வீடு இல்லை. இந்த அலுவலகம். அவள் மேஜை. கென்ட்ரிக்கின் அறை.

அதன் ஜன்னல் கோடு அழிந்தது. பிறகு கதவு.

நிமிர்ந்தாள். சுவர். அவன் கதவு இருந்த இடத்தில் வெறும் வெள்ளைச் சுவர்.

உள்ளேயிருந்து கென்ட்ரிக் தட்டினான். ஒரு நொடி, நல்லா வேணும் என்று நினைத்தாள். பிறகுதான் ஓடினாள். நகம் பிய்யச் சுவரைப் பிறாண்டினாள்.

"மார்லிஸ்! கதவக் காணோம்! இங்க... யாரோ படுத்திருக்காங்க!"

இருமல். ஒருவனுடையது மட்டும் இல்லை.

தட்டுவது நின்றது.

திரும்பினாள். திரையில், அந்த எட்டுக்குப் பத்தடிக்குள் மூன்று கட்டில்கள். நான்காவதைப் புரோகிராம் நிதானமாக வரைந்துகொண்டிருந்தது.