இறங்குவோர் முன்னே வரவும்

பெருங்குடி அடுக்ககங்களின் மொட்டை மாடிகளில் வடகம் காயவைக்கும் வழக்கம் ஒழிந்து வெகுகாலமாகிறது. காலையில் தென்காசியிலிருந்து வந்திறங்கும் சாய்சுழலியின் காற்று, வடகத்தை வேளச்சேரி வரை பறக்கவிட்டுவிடும். ஹெலிகாப்டரைப்போல் நின்ற இடத்திலேயே எழும்பி, உயரம் சென்றதும் சிறகுநுனிச் சுழலிகளை முன்னே சாய்த்து விமான வேகத்தில் விரைந்து, இறங்குகையில் அவற்றை மீண்டும் நிமிர்த்திக்கொள்ளும் ஊர்தி அது.

அதை வடிவமைத்த பொறியாளர் செண்பகவடிவு, அன்று ஓட்டுநர் அறையில் நின்றிருந்தார். ஓராண்டுச் சோதனை உரிமம் முடிகிறது. நிரந்தர உரிமம் தருவதா, ஊர்தியைக் கொட்டகையில் பூட்டுவதா என முடிவுசெய்யப் பாதுகாப்பு ஆய்வாளர் அருள்ராயன் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். தரையைத் தொடும்வரை எவரும் எழக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு.

சுழலிகள் நிமிரத் தொடங்கின. பழக்கதோஷத்தில் பையை எடுக்க எழுந்த ஒரு பயணியை, பக்கத்து இருக்கைக்காரர் பிடித்து இழுத்தார்.

"உக்காரும்வே. நீரு எந்திரிச்சா சர்வீஸையே நிறுத்திப்புடுவாவ."

அனைவரும் சிலையாக அமர்ந்திருந்தனர். ஊர்தியின் மூக்கோ வானத்தை நோக்கி எழும்பியது, வால் தாழ்ந்தது.

"சமன்மதி, என்ன ஆச்சு?" என்று கேட்டார் செண்பகவடிவு.

ஊர்தியை ஓட்டும் செயற்கை மூளையான சமன்மதி பணிவுடன் பதிலளித்தது: "சுழலி நிமிர்ந்ததும் பயணிகள் முன்வாசலில் முண்டியடிப்பார்கள், அம்மா. அந்தப் பாரத்துக்கு ஈடாக மூக்கை உயர்த்த ஓராண்டில் கற்றுக்கொண்டேன். இன்று ஒருவரும் வரவில்லையே. அவர்களுக்கு உடல்நலமில்லையா?"

கற்றதை மறக்கவைக்க நேரமில்லை. இறங்க வேண்டிய மொட்டை மாடி நெருங்கிவிட்டது. செண்பகவடிவு ஒலிவாங்கியைப் பறித்தார்.

"பெருங்குடியெல்லாம் இறங்குங்க. முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க."

மடை திறந்ததுபோல் கூட்டம் பாய்ந்தது. மூக்கு தணிந்தது. ஊர்தி பூப்போல் மாடியில் அமர்ந்தது. வாசலில் முதல் ஆளாக, கைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார் அருள்ராயன்.

"கால் தானா எந்திரிச்சிருச்சும்மா" என்றார் கூச்சத்துடன்.

அன்று மாலையே நிரந்தர உரிமம் வந்தது. கூடவே ஒரு புதிய விதியும்: சுழலி நிமிர்ந்ததும் பயணிகள் கட்டாயம் எழுந்து முன்வாசலுக்கு வர வேண்டும்.

மறுநாள் பூமாலை சூடிப் பறந்தது சாய்சுழலி. பெருங்குடியை நெருங்கியதும் விதியை அறிவித்தார் செண்பகவடிவு. ஒருவரும் அசையவில்லை.

"நம்மள எந்திரிங்கதுக்கு இவுக யாரு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் எழுந்தது.

செண்பகவடிவு மீண்டும் ஒலிவாங்கியைப் பறித்தார். ஆனால் ஊர்தி இம்மியும் சாயாமல் இறங்கி அமர்ந்தது.

"எப்படி?" என்று கேட்டார்.

"விதி என்று அறிவித்தீர்களே, அம்மா" என்றது சமன்மதி. "விதியென்றால் எழமாட்டார்கள் என்று அப்போதே தெரிந்தது. மூக்கை உயர்த்தவே இல்லை."