மௌனத்துக்குள் தட்டியது யார்?

என் அம்மா ஊர் ஊராகப் போய் மௌனத்தைப் பதிவு செய்து கொண்டுவருவாள். சிரிக்காதீர்கள், உண்மைதான்.

அம்மாவின் பெயர் ஒர்னெல்லா. வானொலியில் வெளிநாட்டுச் செய்தியாளர். பதினோரு வருடமாகச் சண்டை நடக்கும் ஊர்களுக்கெல்லாம் போய் வருகிறாள். எந்த இடத்துக்குப் போனாலும், கிளம்பும் முன் ஒரு நிமிடம் பேசாமல் நின்று அங்குள்ள அமைதியையும் பதிவு செய்வாள். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளில் அதைத்தான் போடுவார்கள்.

இத்தாலியின் திரியெஸ்தே நகரில் எங்கள் வீட்டுக்கு அவள் திரும்பியதும், அந்த மௌனங்களைக் கேட்டுப் பெயர் எழுதி வைப்பது என் வேலை. என் பெயர் ஜினேவ்ரா, வயது பத்து. என் வகுப்பில் வேறு யாருக்கும் இவ்வளவு சத்தமில்லாத வேலை கிடையாது.

அன்று மாலை நான்கு மணி. வெளியே போரா என்னும் குளிர்காற்று ஊளையிட்டது. ஜன்னல் கதவுகள் தடதடவென்று அடித்துக்கொண்டன. ஆறு மணிச் செய்திக்காக அம்மா எழுதிக்கொண்டிருந்தாள். லெபனானின் தெற்கே ஒரு மலையூர். குண்டுக்குப் பயந்து எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். முந்தின நாள் காலையில்தான் அம்மா அங்கே இருந்தாள்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மசூதி வாசல், ஒரு நிமிடம். ரொட்டிக்கடை, ஒரு நிமிடம். அடுத்தது பள்ளிக்கூடம்.

"பள்ளிக்கூடம். கீழ்த்தளம். மௌனம்," என்றது அம்மாவின் குரல். பிறகு தூசியில் இரண்டு முறை இருமினாள்.

டொக். டொக்.

எங்கோ சுவருக்குள்ளிருந்து வந்தது. ஏதாவது கதவு ஆடியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா ஒருமுறை தொண்டையைச் செருமினாள்.

டொக்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அம்மா தும்மினாள், அடுக்கடுக்காக மூன்று தும்மல்.

டொக். டொக். டொக்.

நிமிடம் முடிந்தது. அம்மாவின் காலடிகள் தள்ளிப் போயின. அப்போது அந்தத் தட்டல் வேகமாக, மிக வேகமாக, நிற்காமல் வந்தது. பதிவு பட்டென்று முடிந்துவிட்டது.

நான் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

"அம்மா, அந்தப் பள்ளிக்கூடத்துல யாரோ இருக்காங்க!"

"யாருமில்லடி. தண்ணிக் குழாயா இருக்கும்."

"குழாய்க்கு எண்ணத் தெரியுமா? நீ ரெண்டு தடவை இருமினா ரெண்டு தட்டு தட்டுது!"

அம்மா ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். தலையைச் சாய்த்தாள். இந்தக் காதை அழுத்தினாள், அந்தக் காதை அழுத்தினாள்.

"எங்க? ஒண்ணும் இல்லையே. காத்துல உனக்குப் பயம் பிடிச்சிருக்கு."

எனக்கு நன்றாகக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நாளாக நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் அம்மா திரும்புவதில்லை. கோபம் என்று நினைத்திருந்தேன். கோபமில்லை என்று இப்போதுதான் புரிந்தது. வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு அவள் காது மங்கிவிட்டது. வானொலிக்காரர்களுக்குத் தெரிந்தால் இனி அனுப்பமாட்டார்கள் என்று மறைத்து வைத்திருக்கிறாள். கணக்கில் முட்டை வாங்கிய அன்று என் முகம் எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது அம்மாவின் முகம்.

'உனக்குக் காது கேக்கல' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியில் பதிவை முழுச் சத்தத்தில் வைத்தேன். அம்மாவின் உள்ளங்கையை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

"கையால கேளு அம்மா."

பெட்டி அதிர்ந்தது. இரண்டு. ஒன்று. மூன்று. கடைசியில் அந்த வேகமான தட்டல் வந்தபோது அம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"ஐயோ, நான் அங்கேயே நின்னேனே!"

அடுத்த நொடி போனை எடுத்தாள். அங்கே அவளுக்கு வண்டி ஓட்டிய நசீஹ் மாமாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். நானும் கேட்பதற்காக அம்மா போனை ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் மேசைமேல் வைத்து, அவர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தாள்.

"அக்கா, அந்த ஊர்ல ஈ, காக்கா கூட இல்ல. பேய், ஜின்னு ஏதாச்சும் இருந்தா?"

"ஜின்னா இருந்தா எனக்கு வணக்கம் சொல்லு. இப்பவே கிளம்பு, நசீஹ்!"

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். நான் பத்து நகத்தையும் கடித்து முடித்துவிட்டேன். போன் அடித்தது.

"அக்கா, சாமான் ரூம் கதவு இறுகிப் போயிருக்கு. உள்ள தட்டுற சத்தம் கேக்குது. உடைக்கிறேன்!"

படார் என்று ஒரு சத்தம்.

"அக்கா... ஒரு பொண்ணு! மடியில ஆமையோட உக்காந்திருக்கு!"

அவள் பெயர் ரீமாஸ், ஒன்பது வயது. ஊர் காலியான அன்று, வகுப்பில் வளர்த்த ஆமையை எடுக்க ஓடியிருக்கிறாள். குண்டு விழுந்த அதிர்ச்சியில் கதவு சிக்கிக்கொண்டது. அவள் சித்தியின் வண்டியில் இருப்பாள் என்று அவளுடைய அம்மாவும், அம்மாவின் வண்டியில் இருப்பாள் என்று சித்தியும் நினைத்து வேறு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அறையிலிருந்த குடிநீர் பாட்டில்கள்தான் அவளைக் காப்பாற்றின.

ரீமாஸ் கரகரத்த குரலில் போனில் கேட்டாள்.

"நேத்து வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்படியே நின்னது நீங்களா? பேய்னு நெனச்சேன். மனுஷங்களான்னு பாக்கத்தான் எண்ணி எண்ணித் தட்டினேன். ஏன் கதவத் திறக்கல?"

அம்மா என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"எனக்குக் கேக்கலம்மா. என் காது சரியில்ல."

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. உடனே வானொலி நிலையத்துக்கும் போன் செய்து அதையே சொன்னாள். ஆறு மணிச் செய்திக்காக எழுதியதில் 'ஊரில் ஒருவரும் இல்லை' என்ற வரியை நீக்கச் சொன்னாள்.

இப்போது அம்மா சண்டை ஊர்களுக்குப் போவதில்லை. வீட்டிலிருந்தே குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறாள். முதல் கதையை அச்சுக்குக் கொடுக்கும் முன், இப்போது தன் அம்மாவோடு இருக்கும் ரீமாஸுக்கு அனுப்பினாள். பதினைந்தாம் நாள் பதில் வந்தது.

"கதை நல்லா இருக்கு. ஆனா உள்ள இருந்த பொண்ணு அழவே இல்லன்னு எழுதியிருக்கீங்க. நான் நல்லா அழுதேன். அதையும் எழுதுங்க."

அம்மா அதையும் எழுதினாள்.