மொட்டை மாடியில் ஒரு சந்தேக நபர்

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் எந்த வீட்டு அழைப்பு மணி வேலை செய்யாது, யார் லிஃப்ட் கண்ணாடியில் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கு வயது பத்து. எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவதால் வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சிஐடி. அவள் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரையே ஒரு நீல நோட்டின் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.

விடுமுறை தொடங்கிய திங்கட்கிழமை மொட்டை மாடிக்குப் போனாள். அங்கே ஏழெட்டுப் பழைய டிவி டிஷ்கள் துருப்பிடித்துக் கிடந்தன. எல்லோர் வீட்டுக்கும் கேபிள் வந்த பிறகு யாரும் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கி, புறா குளித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகிவிட்டது.

அன்று ஒரு டிஷ்ஷுக்கு மூக்கைக் காணோம். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கையின் நுனியில் ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, அதைத்தான் அவள் மூக்கு என்பாள். இன்னொரு டிஷ்ஷுக்குக் கையே இல்லை. மூன்றாவதில் நாலு போல்ட்டும் மாயம். பறிகொடுத்த ஒவ்வொரு டிஷ்ஷிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது. அதில் கொக்கி கொக்கியாக, அவளுக்குப் புரியாத எழுத்து.

“சங்கேத மொழி” என்று நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டாள்.

பதினொரு மணிக்குக் குற்றவாளியே மேலே வந்துவிட்டார். நாலாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த வெளிநாட்டுக்காரர். ரொட்டிக்கடையில் இரவு வேலை. விடிந்ததும் புருவத்தில் மாவோடு வீடு திரும்புவார். யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். இரவெல்லாம் வேலை செய்தவர் பகலில் தூங்காமல் மாடிக்கு எதற்கு வரவேண்டும்? சிஐடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினாள்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்தார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோணமானியை எடுத்தார். அதன் நடுவில் கட்டிய நூலில் ஒரு நட்டு தொங்கியது. அதை ஒரு டிஷ்ஷின் மேல் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடிவானத்தையே உற்றுப் பார்த்தார். ஏதோ எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

வளர்ந்த மனிதர், கையில் கோணமானி. இதைவிடச் சந்தேகமான காட்சியை அவள் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

தொட்டிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் பாதிதான் தெரிந்தது. அதனால் செவ்வாய்க்கிழமை ஒரு திட்டம் போட்டாள். தன்னுடைய கெட்டிப் போர்வையை வாளியில் முக்கி எடுத்து, அந்த டிஷ்ஷுக்கு நேர் எதிரே இருந்த கொடியில் காயப்போட்டாள். துணி காயப்போட்டால் யார் சந்தேகப்படுவார்கள்? பின்னால் நின்று ஓரத்தை விலக்கிப் பார்த்தால், டிஷ்ஷும் அவர் முகமும் பளிச்சென்று தெரிந்தன. புதன்கிழமையும் அதே போர்வை, அதே கொடி.

வியாழக்கிழமை அம்மா வாளியருகே வழிமறித்தாள்.

“சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னா காது கேக்காது. ஒரே போர்வையை மூணாவது தடவை துவைக்கறியே, என்ன சங்கதி?”

“சுத்தம்மா.”

“உன் சுத்தத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்று அம்மா போர்வையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சந்தேகப்படும் குணம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று சிஐடிக்கு அப்போது புரிந்தது. அன்று அவள் மாடிக் கதவின் இடுக்கு வழியாகத்தான் வேவு பார்க்கவேண்டி வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா கடைக்குப் போன நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்துவிட்டாள். போர்வை மறுபடி கொடிக்கு வந்தது. அன்று மாலை நோட்டோடு செயலாளர் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கட்டடத்துக்குச் செயலாளராக இருந்த அந்த அத்தை, ரயிலில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட, இவரிடம் டிக்கெட் இருக்குமா என்று யோசிப்பது போலப் பார்ப்பார். நோட்டை ஒரு வரி விடாமல் படித்தார்.

“ஞாயித்துக்கிழமை கையும் களவுமாப் பிடிக்கறோம். உளவாளியோ, திருடனோ, யாரா இருந்தாலும் மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும்” என்றார்.

ஞாயிறு காலை பத்தரைக்கு, ஈரம் சொட்டும் போர்வைக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். சிஐடியின் கால் தெரியவில்லை. அத்தையின் சிவப்புச் செருப்பு முழுசாக வெளியே தெரிந்தது.

ரொட்டிக்காரர் அன்று ஒரு சின்ன டிவியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் வீட்டிலிருந்து நீளமாக ஒயர் வந்தது. டிவியின் மேல், தினமும் அவர் கொண்டுவரும் பெட்டி, ஒரு பழைய செட்டாப் பாக்ஸ். டிஷ்ஷை இப்படி ஒரு விரல் நகர்த்தினார், அப்படி ஒரு விரல் நகர்த்தினார். திரையில் ஒன்றுமே இல்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“சார், அந்தச் சாமானெல்லாம் யாருது?” அத்தை போர்வைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். பிறகு சிவப்புச் செருப்பைப் பார்த்து, “நீங்கதானா? யாரோ செருப்பை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்” என்றார்.

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தட்டு ஒரு டிஷ்ஷிலிருந்து, கை ஒன்றிலிருந்து, மூக்கு ஒன்றிலிருந்து. செட்டாப் பாக்ஸ் மட்டும் ரொட்டிக்கடை முதலாளி பரண்மேல் போட்டு வைத்திருந்தது.

“எடுத்த இடத்துல எல்லாம் சீட்டு கட்டியிருக்கேன், மேடம். ‘வேணும்னா நாலாவது மாடியில் வந்து கேளுங்க, திருப்பித் தர்றேன்’னு.”

“அந்த எழுத்து எங்க யாருக்குமே புரியாதே?”

“உங்க எழுத்து எனக்கு எழுதத் தெரியாது. எழுதாம எடுக்கவும் மனசு வரலை.”

சிஐடிக்குக் காது சுட்டது. சங்கேத மொழி என்று அடிக்கோடு போட்ட பக்கத்தை மெல்ல மூடிக்கொண்டாள்.

“எல்லாரையும் போலக் கேபிள் பார்க்கவேண்டியதுதானே?” அத்தை விடவில்லை.

“எங்க நாட்டுச் சேனல் அதுல வராது. சின்னச் சேனல், போன்லகூட வராது. ஆனா வானத்துலேர்ந்து எல்லாருக்கும் சும்மாதான் அனுப்பறாங்க. டிஷ்ஷைச் சரியாத் திருப்பி வச்சா போதும்.” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பதினோரு மணிக்குப் பிள்ளைகளோட வினாடி வினா. என் பொண்ணு கலந்துக்கறா. நான் அவளை நேர்ல பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு.”

அப்போது மணி பத்து ஐம்பது.

சிஐடி நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஒரு வாரமாக அவள் துரத்திக்கொண்டிருந்தது ஒரு அப்பாவை. இப்போதே ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது.

அத்தை டிவியைச் சுற்றி வந்தார். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் திரையில் படம் எங்கே என்று கேட்டார். அதுதான் தனக்கும் புரியவில்லை என்றார் அவர். “சிக்னல் கிடைச்சா இந்தப் பெட்டி கத்தும். வியாழக்கிழமை அருமையா வந்துச்சு. எல்லாத்தையும் முறுக்கி வச்சுட்டுப் போனேன். மறுநாள் வந்து பார்த்தா ஒண்ணுமே இல்லை. யார் கை வச்சாங்கன்னே தெரியலை.” இப்போது அவர் குரலிலும் சந்தேகம் இருந்தது.

வியாழக்கிழமையா? சிஐடி அவசரமாக நோட்டைப் புரட்டினாள்.

“செவ்வாய்: போர்வைக்குப் பின்னால் இருந்து கண்காணிப்பு. சந்தேக நபர் தலையில் அடித்துக்கொண்டார். புதன்: போர்வை. வானத்தைப் பார்த்து ஏதோ திட்டினார். வியாழன்: போர்வை பூட்டப்பட்டது, கதவு இடுக்கு. பெட்டி கீ கீ என்று கத்தியது. சந்தேக நபர் குதித்தார். எதிரிகளோடு தொடர்பு கிடைத்துவிட்டது. வெள்ளி: போர்வை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார். சனி: போர்வை. அழுவது போல இருந்தார்.”

அவள் டிஷ்ஷைப் பார்த்தாள். டிஷ் பார்க்கும் திசையைப் பார்த்தாள்.

“மாமா, உங்க சேனல் வானத்துல எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?”

“ரொம்பத் தாழ்வா, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே. அதோ அந்தப் போர்வை தொங்குதே, அதுக்குப் பின்னாடி…” அவர் பாதியில் நிறுத்தினார்.

அதற்குள் சிஐடி ஓடிப்போய்ப் போர்வையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சொதசொதவென்று அது அவள் தலைமேலேயே விழுந்தது. உள்ளே இருட்டு. வெளியே பெட்டி மட்டும் கீ கீ என்று கத்தியது.

“எல்லா நாளும் நான்தான் மாமா மறைச்சேன்” என்றாள், போர்வைக்குள் இருந்தபடியே. “உங்களை ஒளிஞ்சு பார்க்க. மன்னிச்சிடுங்க.”

அவர் வந்து போர்வையைத் தூக்கினார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவரோ, இத்தனை நாளாகத் தான் டிஷ்ஷோடு சண்டை போட்டது வீண் என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு புள்ளி புள்ளியாக இருந்த திரையைச் சரிசெய்ய ஓடினார்.

சரியாகப் பதினொரு மணிக்குப் படம் வந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். திரையில் ஒரு பல் விழுந்த சிறுமி, இரட்டைச் சடையோடு மேஜைக்குப் பின்னால் நின்றாள். அவளிடம் ஏதோ கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை. டக்கென்று பதில் சொன்னாள். கூட்டம் கைதட்டியது.

“என்ன கேட்டாங்க?” என்றார் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ரொட்டி எதனால உப்புதுன்னு.” அவர் குரல் உடைந்தது. “சின்ன வயசுல, ஊர்ல நான் வேலை பார்த்த ரொட்டிக்கடைக்கு வரும்போதெல்லாம் இதைத்தான் கேட்டுக்கிட்டே இருப்பா.”

சிஐடி ஈரத் தலையோடு நோட்டைத் திறந்து எழுதினாள்:

“ஞாயிறு, 11.20. சந்தேக நபர் அழுதார். காரணம் தெரியும். செயலாளர் அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி விழுந்துவிட்டது என்கிறார். நம்பும்படியாக இல்லை.”