சுவருக்கு அந்தப் பக்கத்துச் சாதகம்

முத்துராமன் கஞ்சிராவிலிருந்து கையை எடுத்த பிறகும் ஓர் அடி கேட்டது.

மழை மூட்டம் போட்ட பிற்பகல். கீரனூர் வாடகை வீட்டின் பின்னறையில், இடக்கையில் ஏந்திய அந்தச் சின்ன வாத்தியத்தின் தோலை உட்புறமாக நீர் தெளித்து நனைத்து, ஈரத்தோலின் வாடையும் நெல் மூட்டைகளின் புழுக்கமும் மூக்கில் ஏற, தினமும் போல அவன் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் வீடில்லை. கள்ளி மண்டிய வெற்றுமனைதான். மறுபடி வாசித்தான். வழக்கமாக விரல் இடறும் இடத்தில் இடறியது. நிறுத்தினான். சுவருக்கு அந்தப் பக்கம் அதே இடம், இடறாமல், மெதுவாக, விட்டு விட்டுக் கேட்டது.

அப்படிச் சொல்லிக்கொடுக்கிறவன் ஒருவன்தான் இருந்தான். மரியசெல்வம். ஏழு வருஷம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாதகம் செய்தவர்கள். முத்துராமன் தப்பாக வாசித்தால் அவன் ஒரு சொல் கடிய மாட்டான்; சரியாக வரும்வரை மெதுவாக வாசித்துக் காட்டிக்கொண்டே இருப்பான். ஐம்பத்தேழாம் வருஷம் திருச்சி ரேடியோவில் தேர்வுக்கு வரச்சொல்லி, இருவருக்கும் சேர்த்து முத்துராமன் விலாசத்துக்குக் கடிதம் வந்தது. புதன்கிழமை என்று இருந்ததை மரியசெல்வத்திடம் வியாழன் என்று சொன்னான் முத்துராமன். தான் மட்டும் புதனன்று போய்த் தேறினான். மரியசெல்வம் மறுநாள் பஸ் ஏறிப் போய்த் திரும்பி வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. அதே வருஷம் ஐப்பசியில் விஷக்காய்ச்சலில் செத்தும் போனான்.

முத்துராமன் ஓடிவிடவில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அந்தச் சுவரோரமே உட்கார்ந்து கற்றுக்கொண்டான். ஆறு மாதத்தில் கையே மாறிவிட்டது. இலுப்பூர்க் கச்சேரி முடிந்ததும் வயலின்காரர் உடையப்பன் தோளைத் தட்டினார்.

"எங்கிட்டுய்யா கத்துக்கிட்ட? ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரில்ல இருக்கு."

முத்துராமனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காது மடல் எரிந்தது.

மறுநாள் காலை மரியசெல்வத்தின் மனைவி ஞானமணி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"வாங்கண்ணே."

"அவன் கஞ்சிரா... இங்கிட்டுத்தான் இருக்கா?"

"பெட்டிக்குள்ள, அவரு நெஞ்சு மேல வச்சுப் பொதைச்சிட்டோம்ண்ணே." புடைத்துக்கொண்டிருந்த முறத்திலிருந்து அவள் நிமிரவில்லை. "கெழமைய நீங்கதான் மாத்திச் சொன்னீங்கன்னு அவருக்குத் தெரியும். யாருகிட்டயும் சொல்லிறாத, முத்துராமன் பேரு கெட்டுப்போயிரும்னாரு."

முத்துராமன் தலை குனிந்தபடி வீட்டுக்கு நடந்தான்.

அன்று பிற்பகல் அந்த அறைக்குள் போகக்கூடாது என்று நினைத்தான். போனான். தெரிந்ததிலேயே கடினமான தாளக் கோர்வையை, மன்னிப்புக் கேட்கிறவன் போல வாசித்தான். எங்கும் இடறவில்லை. முடித்துவிட்டுக் காத்திருந்தான்.

சுவரில் சத்தமே இல்லை.

வெளியே தூறிக்கொண்டிருந்த மழை நின்றது. ஈரத்தோல் வாடை போய் வேறு வாடை. வெட்டிய மண்.

முதுகுக்குப் பின்னால் பாய் அமுங்கியது. யாரோ உட்கார்ந்தார்கள். அவன் திரும்பவில்லை. பயத்தைவிடப் பெரிய கூச்சம் கழுத்தைப் பிடித்திருந்தது.

"தப்புதான், செல்வம்."

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. நகமெல்லாம் ஈர மண். அவன் வலக்கையை எடுத்துக் கஞ்சிராத் தோலின்மேல் வைத்தது. குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒரு விரலைத் தூக்கியது. விட்டது. தூக்கியது. விட்டது. மிக மெதுவாக. முதல் பாடத்திலிருந்து.