சொன்னால்தான் விடுவார்

பதினொரு மணி வெயிலில் வண்டி வந்து நின்றது. இரண்டாவது ஈற்றுப் பசு. விடியற்காலையிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது, கன்று மட்டும் வரவில்லை. கால்நடைக் கல்லூரி மருத்துவமனையின் பிரசவக் கொட்டிலில், கம்பித் தடுப்புக்குள் அதை நிறுத்தினார்கள். ஈர வைக்கோலும் சாணமும் கிருமிநாசினியும் கலந்த வழக்கமான வாடை. விரிவுரையாளர் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டாள்.

பெரிய சார் போய்ச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவள் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், தூங்கினாள், வகுப்பில் வருகை எடுத்தாள். தன்னைக் கிள்ளினால் வலிக்குமா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்தக் கல்லூரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முப்பது வருடம் மாணவர்களுக்கு மாட்டைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பேராசிரியர். மாணவர் கை உள்ளே போனதும், வெளியே முழங்கையைப் பிடித்துக்கொள்வார். "என்ன தட்டுப்படுது? வாயத் தொறந்து சொல்லு." சரியான பதில் வரும்வரை விடமாட்டார், திட்டவும் மாட்டார். வகுப்பில் கடைசி ஆள் சொல்லி முடிக்காமல் அவருக்குச் சாப்பாடும் இறங்காது. இவளுக்கு அவர் வைத்த பெயர் குட்டைக்கை. விரிவுரையாளராகி ஆறு வருடமான பிறகும், கை எட்டாத பிரசவம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவாள்.

கடைசியாகவும் அப்படித்தான் கூப்பிட்டாள். நெஞ்சு வலி என்று விடுப்பில் படுத்திருந்த மனிதர் வந்தார், கன்றை எடுத்தார், கை கழுவினார், தொட்டிப் பக்கத்திலேயே சரிந்தார். இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். வாயில்லா ஜீவன் தவிப்பது அவர் மனசுக்கே பட்டு, தானாகக் கிளம்பி வந்தாராம். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினாள். போன் போன கதை அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"பெரிய சார் இருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பார்ல, மேடம்?" என்றாள் வாயாடி. இறுதியாண்டு மாணவி; வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று நினைக்கிறவள்.

"வால நேராப் பிடி."

கையுறை மாட்டிக் கையைச் செலுத்தினாள். கன்றின் முன்னங்கால் இரண்டும் கிடைத்தன. தலை கிடைக்கவில்லை, பின்னால் மடங்கிக் கிடந்தது. தோளைக் கொடுத்து அழுத்தியும் தாடை எட்டவில்லை. பசு முக்கியது. நசுங்கிய கை மரத்துப்போனது.

இன்னொரு முறை நீட்டினாள்.

ஏதோ அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

கன்றின் வாய் என்று நினைத்தாள். வாயில்லை. ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல்.

மாட்டின் உள்சூடு மனிதச் சூட்டைவிட அதிகம். அந்த விரல்கள் சில்லென்றிருந்தன.

அந்தக் கை அவசரப்படாமல் அவள் கையை இழுத்துப்போய், அவளுக்கு எட்டவே எட்டாத ஆழத்தில், தாடையின் மேல் வைத்தது. அப்புறம் விட்டது.

"கயிறு," என்றாள். தலையைத் திருப்பி முன்னே கொண்டுவந்ததும் இரண்டு மாணவர்கள் இழுத்தார்கள். கன்று வைக்கோலில் விழுந்து தும்மியது. மாட்டுக்காரம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

உள்ளே இன்னொரு கன்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மறுபடி கையை உள்ளே விட மனமில்லை. விட்டாள்.

பிடித்துக்கொண்டது.

"இன்னொரு கன்னு இல்ல," என்று முணுமுணுத்தாள்.

பிடி தளரவில்லை.

"கிழிசல் எதுவும் இல்ல."

பிடி இறுகியது.

"யார்கிட்ட பேசுறீங்க, மேடம்?" என்றாள் வாயாடி.

உள்ளே இருக்கும் கை கேட்கிற கேள்வி என்னவென்று விரிவுரையாளருக்குப் புரிந்துவிட்டது. பதில் ஒன்பது நாளாகவே தெரியும். சொன்னால் இந்தப் பிள்ளைகள் இனி தன் முகத்தில் விழிப்பார்களா என்பதுதான் தெரியாது.

"நான்தான் போன் பண்ணேன்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "பெரிய சார் தானா வரல. நெஞ்சு வலின்னு தெரிஞ்சும் நான்தான் வரச் சொன்னேன். எனக்கு எட்டலன்னு."

விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தோள் மட்டும் விண்விண் என்று வலித்தது.

மதியம் சினை பார்க்கும் வகுப்பு. வேறு மாடு. மாணவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள். வாயாடியின் முறை வந்தபோது விரிவுரையாளர் பத்தடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசச் சினை, மேடம்."

அதற்கப்புறம் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். வாயாடியின் முகம் வெளிறியிருந்தது. கை முழங்கைவரை உள்ளே இருந்தது.

"மேடம்..." குரல் காற்றாக வந்தது. "நான்தான் சொல்லிட்டேனே. விட மாட்டேங்குது."

விரிவுரையாளர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்ப தப்பாச் சொல்லியிருக்க," என்றாள். "பயப்படாத. மறுபடி தொட்டுப் பாத்துச் சொல்லு."